குளிர்கால ஹாட்பாட் சொதப்புதா? எந்த அறிகுறிக்கு என்ன பண்ணணும்

பெய்ஜிங்ல நவம்பர் 15 வந்தா வீடுகளுக்கு ஹீட்டிங் விட்டுருவாங்க, மார்ச் 15 வரைக்கும் ஓடும், அந்த நாலு மாசத்துல யாரையாவது வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டா ஹாட்பாட்தான். சமைக்கிறவங்க மட்டும் கிச்சன்ல தனியா நின்னு கஷ்டப்பட வேண்டியதில்ல, எல்லாரும் சூப்பு கொதிக்கற ஒரே சட்டியச் சுத்தி உக்காந்து கறி, காளான், கீரைன்னு அவங்கவங்களுக்குப் பிடிச்சதப் போட்டு வேக வச்சு எடுத்து சாப்பிடுவாங்க, பேச்சு பாட்டுக்கு மூணு மணி நேரம் போகும். இப்ப நெறைய பேர் தீம் வச்சு பண்றாங்க, ஒரு வாரம் தென்மேற்கு சீனாவுல இருக்கற சோங்சிங் ஊர் காரம், ஒரு வாரம் பழைய பெய்ஜிங் ஆட்டுக்கறி, ஒரு வாரம் தெற்கு சீனாவுல குவாங்டாங் மாகாணத்து சாவ்ஷான் மாட்டுக்கறி, ஒரு வாரம் சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு மாட்டுக்கறி வேக வைக்கற ஜப்பான் சுகியாகி. ரொம்ப நல்ல விஷயம் அது.

ஆனா சொதப்பினா காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், ஒரு தீமோட இன்னொரு தீமக் கலந்துடறாங்க. ஒவ்வொரு ஊர் ஹாட்பாட்லயும் சூப்பு, தொட்டுக்கற சாஸ், போடற வரிசை மூணும் ஒரு செட்டு. சோங்சிங் சூப்புக்கு பெய்ஜிங் சாஸ் வச்சா கனமாகி திகட்டிடும், பெய்ஜிங் சூப்புக்கு சோங்சிங் சாஸ் வச்சா உப்புசப்பு இல்லாம போயிடும். அதனால கீழ இருக்கற எந்த அறிகுறிக்கும் போறதுக்கு முன்னாடி இன்னைக்கு எந்த ஊருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க.

ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், கண்ணு சொக்குது

இத முதல்ல படிங்க, மத்ததெல்லாம் அப்புறம். கரி போட்டு எரிக்கற செம்புச் சட்டி டேபிள்ல இருந்து, குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தா அது கார்பன் மோனாக்சைடு. வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும். உடனே எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க, போற வழியில கதவு ஜன்னலத் திறந்து விடுங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, சீனாவுல நம்பர் 120. கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்னு யாரையும் உள்ள படுக்க விடாதீங்க.

பெரிய புகைபோக்கியும் காத்து வசதியும் இருக்கற ஹோட்டல்ல கரிச் சட்டி ஓகே. ஃபிளாட்ல வேண்டவே வேண்டாம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அதே மாதிரி நடுவுல கூம்பு வச்ச செம்புச் சட்டி கரண்ட்ல ஓடற மாதிரியே கடையில கிடைக்குது, அத வாங்கிக்கோங்க, பாக்கறதுக்கும் அழகா இருக்கும்.

கேஸ் அடுப்பு தீ சின்னதாயிட்டே போகுது, கேனை ஆட்டினா உள்ள கேஸ் இருக்கு

டேபிள்ல வைக்கற அந்த சின்ன அடுப்போட கேன்ல பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும், சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்கு மேலதான் ஆவியாகும், அதுவும் ஆவியாக ஆவியாக கேன் இன்னும் ஜில்லுன்னு ஆகும். பால்கனியில வச்சிருந்த கேனை அப்படியே கொண்டு வந்து மாட்டினா பத்து நிமிஷத்துல தீ படுத்துரும். முன்னாடியே வீட்டுக்குள்ள எடுத்து வச்சு ரூம் சூட்டுக்கு வர விடுங்க, இல்லன்னா இன்னும் குளிர்லயும் ஆவியாகற ஐசோபியூட்டேன் கலந்த குளிர்கால கேன் வாங்குங்க. கேனை வெந்நீர்ல முக்கறது, ஹீட்டர் பக்கத்துல வைக்கறது ரெண்டும் கூடவே கூடாது. அகலமான சட்டி கேன் இருக்கற பெட்டி மேல வரைக்கும் நீட்டிட்டு இருந்தா அந்தச் சூடு கேனுக்கு இறங்கும், கேன் வெடிக்கறதே இப்படித்தான், அதனால அடுப்ப விட சின்ன சட்டியா பாத்து வைங்க. இதுவும் நெருப்புதான், ஒரு ஜன்னலாவது ஒரு விரக்கடை திறந்தே இருக்கட்டும்.

இண்டக்‌ஷன் 'பீப் பீப்'னு கத்துது, இல்லன்னா வீட்டு கரண்டே போயிடுது

கத்தினா சட்டி தப்பு. ஃப்ரிட்ஜ் மேக்னட்ட எடுத்து சட்டி அடியில வைங்க, ஒட்டலன்னா இண்டக்‌ஷன்ல சூடாகாது, செம்பும் அலுமினியமும் ஒட்டாது. கரண்ட் போச்சுன்னா ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல 2100 வாட் அடுப்பும் ரூம் ஹீட்டரும் சேர்ந்து மாட்டியிருக்கும், 10 ஆம்பியர் பாக்ஸ் அதத் தாங்காது. அடுப்ப நேரா சுவத்து பிளக்ல மாட்டுங்க, வயர் நடக்கற பாதையில கிடக்க வேண்டாம், குழந்தைங்க கால் தட்டிச்சுன்னா கொதிக்கற சட்டியே சரிஞ்சிடும்.

சூப்பு வெறும் வெந்நீர் மாதிரி இருக்கு, ருசியே இல்ல

பெய்ஜிங் தீம்னா அது அப்படித்தான் இருக்கணும், பயப்படாதீங்க. தண்ணி, நாலு துண்டு இஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் கோஜி பழம், காஞ்ச இறால், அவ்வளவுதான். 1903ல ஆரம்பிச்ச டோங்லாய்ஷுன் இந்த ஆட்டுக்கறி ஹாட்பாட்டுக்கே பேர் போன முஸ்லிம் ஹோட்டல், அங்கயும் சட்டியில தெளிஞ்ச தண்ணிதான். ருசி முழுக்க கறியிலயும் சாஸ்லயும் இருக்கு, எள்ளு பேஸ்ட், சிவப்பு நிறத்துல வர்ற புளிச்ச டோஃபு, சைனீஸ் பூண்டுத்தாள் பூவ உப்பு போட்டு அரைச்ச பச்சை விழுது, இந்த மூணும் சேந்தாதான் சாஸ். கறிக்கு நடுவுல கடிச்சுக்க இனிப்பா ஊறவச்ச பூண்டு. சூப்புக்கு ருசி பத்தலன்னு ஸ்டாக் கியூப் போட்டா ஆட்டுக்கறி வாசனையே அமுங்கிடும்.

அந்த எள்ளு பேஸ்ட் தண்ணி விட்டதும் கட்டியா திரிஞ்ச மாதிரி ஆகும், கெட்டுப் போச்சுன்னு கொட்டிடாதீங்க. ஒவ்வொரு ஸ்பூனா தண்ணி விட்டு ஒரே பக்கமா கலக்கிட்டே இருங்க, முதல்ல இறுகும், அப்புறம் திடீர்னு இளகி கரண்டியில இருந்து ரிப்பன் மாதிரி விழும்.

சாவ்ஷான் தீமும் இதே கதைதான், மாட்டெலும்பு சூப்பு தெளிவா இருக்கணும், உள்ள முள்ளங்கியும் சோளமும் மட்டும், தொட்டுக்க ஷாச்சா சாஸ். ஆனா அந்த ஊர்ல மாட்டுக்கறிய ஃப்ரீஸர் பக்கமே காட்டாம அன்னைக்கே வெட்டி அன்னைக்கே போடுவாங்க, கழுத்து, தோள், விலான்னு பகுதி பகுதியா தட்டு வரும். ஃப்ரீஸர் கறிதான் கிடைக்குதுன்னா சாவ்ஷான் வேண்டாம், பெய்ஜிங் தீமுக்கு மாறிடுங்க, அது ஃப்ரீஸர் சீவலுக்கும் ஒத்துப் போகும்.

மேல சாம்பல் நிறத்துல நுரை நிக்குது

கறியில இருந்து வர்ற புரதம்தான், விஷம் ஒண்ணும் இல்ல, ஆனா விட்டா சூப்பு கலங்கிடும். ஜல்லிக்கரண்டி வச்சு அப்பப்ப ஒருத்தர் எடுத்துட்டே இருக்கணும், இந்த வேலைய வீட்டுல இருக்கற பெரியவங்க கையில குடுத்துருங்க, ரொம்ப சந்தோஷமா பண்ணுவாங்க. ரத்தத் தண்ணியோட இருக்கற கறிய டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு வச்சா பாதி நுரை குறையும்.

வாய் மரத்துப் போச்சு, எரியுது, கண்ல தண்ணி, ஆனா நிறுத்தவும் முடியல

சோங்சிங் தீம். மாட்டுக் கொழுப்புல காஞ்ச மிளகாயும் சிச்சுவான் மிளகும் பீசியான் ஊர் புளிச்ச மொச்சை விழுதும் வதக்கி வர்ற சூப்பு அது. யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேர்ற அந்தத் துறையில படகுக்காரங்களும் மூட்டை தூக்கறவங்களும் மலிவா கிடைச்ச குடலையும் மத்த உறுப்புகளையும் இப்படி சமைச்சு சாப்பிட்டதுல இருந்து வந்ததுன்னு அந்த ஊர்ல சொல்வாங்க. மரத்துப் போறது மிளகாயால இல்ல, சிச்சுவான் மிளகுல இருக்கற சான்ஷூல்ங்கற பொருளால, லண்டன்ல 2013ல பண்ண ஆராய்ச்சியில இத உதட்டுல தடவினா நொடிக்கு 50 தடவை அதிர்ற மாதிரி நரம்பு உணருதுன்னு பாத்தாங்க. சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல தானா போயிடும்.

எரிச்சலுக்கு தண்ணி குடிச்சா பிரயோஜனம் இல்ல, மிளகாய்க் காரம் தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். பால், தயிர், சோயா பால் இதுல ஏதாவது. அந்த ஊர் ஆளுங்க கடைசியில வெல்லப் பாகு ஊத்துன பிங்ஃபென்னு ஒரு ஜில் ஜெல்லி சாப்பிடுவாங்க, அதுவும் நல்லா இருக்கும். இன்னொரு விஷயம், அங்க தொட்டுக்கறதுக்கு எள்ளெண்ணெய்யும் நசுக்கின பூண்டும்தான் தருவாங்க, ஏன்னா சூப்புல இருந்து வர்ற துண்ட அந்த எண்ணெய்ல ஒரு முக்கு முக்கினா காரம் கொஞ்சம் கழுவிப் போகும், சூடும் இறங்கும். இத விட்டுட்டு சில்லி சாஸ் வச்சிருந்தீங்கன்னா அதான் பிரச்சனை. நம்ம செக்கு நல்லெண்ணெய் வச்சும் பண்ணலாம், அவங்களோடது எள்ள நல்லா வறுத்து எடுத்ததால வாசனை வேற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

சூட்டப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், சட்டியில இருந்து எடுத்து நேரா வாயில போடாதீங்க. 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கறது உணவுக்குழாய் புத்துநோய்க்கு காரணமா இருக்கலாம்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016லயே சொல்லிருக்கு. கிண்ணத்துல போடுங்க, பத்து எண்ணுங்க, அப்புறம் சாப்பிடுங்க. குழந்தைங்களுக்கு நீங்களே எடுத்து ஆற வச்சு குடுங்க.

கீரை மட்டும் தாங்க முடியாத காரமா இருக்கு

காரச் சூப்புல இலையப் போட்டா மேல மிதக்கற எண்ணெய் மொத்தத்தையும் அது உறிஞ்சிடும். நடுவுல தடுப்பு வச்ச சட்டியில ஒரு பக்கம் காரச் சூப்பு, இன்னொரு பக்கம் காரமில்லாத வெள்ளைச் சூப்பு இருந்தா, இலை வகையெல்லாம் வெள்ளைச் சூப்பு பக்கம் போடுங்க, காரப் பக்கத்துக்கு தாமரைக்கிழங்கு, உருளை, டோஃபு, காளான் சரி.

கறி ரப்பரா இருக்கு

மூணு காரணம் உண்டு. முதல்ல தடிமன், சீவல் 1, 2 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, வீட்ல வெட்டறதா இருந்தா எலும்பில்லாத கறிய ஃப்ரீஸர்ல ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வச்சு பாதி இறுகினதும் நாருக்குக் குறுக்கா சீவுங்க. அடுத்தது ஒரு தட்டு முழுக்க ஒரேயடியா கவுத்துடறது, சூப்பு கொதி அடங்கிப் போய் கறி வேகாம வெதுவெதுப்புல ஊறிட்டே கிடக்கும், நெறைய பேர் செய்யறது இதுதான், பசியில பொறுமை இருக்காது, ஆனா ஹாட்பாட்டுல கறிய ஆளாளுக்கு ரெண்டு மூணு துண்டா சாப்ஸ்டிக்ல பிடிச்சபடியே அலசி, நிறம் மாறினதும் எடுக்கறதுதான் சுகம். மூணாவது நேரம்.

நேரத்துக்கு வர்றேன். மெல்லிசா சீவின ஆட்டுக்கறி மாட்டுக்கறிக்கு கொதிக்கற சூப்புல பத்து இருபது செகண்ட் போதும், சிவப்பு கொஞ்சம்கூட தெரியக் கூடாது. மாட்டு போட்டியில இதழ் இதழா இருக்கற பகுதிக்கு சோங்சிங்ல ஏழு தடவை மேல எட்டு தடவை கீழன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, சுமார் பதினஞ்சு செகண்ட், அதத் தாண்டினா செருப்பு. இறாலுக்கு ரெண்டு மூணு நிமிஷம். மீன் உருண்டை மிதந்ததுக்கு அப்புறமும் ரெண்டு நிமிஷம் விடுங்க, நடுவுல ஐஸாவே இருக்கும். கோழியும் பன்னியும் அவசரப்படவே கூடாது, ஒரு துண்ட வெட்டிப் பாத்துட்டு சாப்பிடுங்க.

உருளை கரைஞ்சு போச்சு, சூப்பு கஞ்சி மாதிரி ஆயிடுச்சு

வரிசை தப்பிடுச்சு. முதல்ல கறி, அப்புறம் உருண்டை, டோஃபு, காளான், அப்புறம் காய், கடைசியில நூடுல்ஸ், கண்ணாடி சேமியா. மாவுச்சத்து உள்ளத எவ்வளவு தள்ளிப் போடறீங்களோ அவ்வளவு நேரம் சூப்பு தெளிவா இருக்கும். ஏற்கனவே கஞ்சியாயிடுச்சுன்னா பாதி சூப்ப எடுத்துட்டு வெந்நீர் ஊத்துங்க, தனியா ஒரு கெட்டில்ல வெந்நீர் எப்பவும் ரெடியா இருக்கணும், பச்சத் தண்ணி ஊத்தினா திரும்பக் கொதி வர்ற வரைக்கும் எல்லாரும் கையக் கட்டிட்டு உக்காரணும்.

போகப் போக உப்பு கரிக்குதுன்னாலும் இதே வைத்தியம்தான், தண்ணி ஆவியாகிட்டே இருக்கு உப்பு அங்கயே இருக்கு. முதல்ல சூப்புல உப்பு கம்மியா வைங்க, சாஸ்ல இருக்கற உப்பே போதும்.

சைவம் சாப்பிடறவங்க ஒண்ணும் தொடாம உக்காந்திருக்காங்க

இது எனக்கு ரொம்ப முக்கியமான பிரச்சனை, ஏன்னா நம்ம ஆளுங்க கூடினா கண்டிப்பா ரெண்டு பேராவது சைவம், இன்னும் சிலர் கறி சாப்பிடுவாங்க மாடு மட்டும் வேண்டாம்பாங்க. நடுவுல தடுப்பு வச்ச சட்டி வாங்கினா மட்டும் போதாது. கொதிக்கும்போது ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் தெறிக்கும், கரண்டியும் மாறிடும். நெஜமாவே மதிக்கணும்னா அவங்களுக்கு தனிச் சின்ன சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு, அதே டேபிள்ல. தனியா ஓரமா உக்கார வைக்கறது இல்ல.

அடுத்தது பாக்கெட். காரச் சூப்பு பாக்கெட் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்புதான், சீனத்துல நியூயோவ்னு போட்டிருக்கும், காய்கறி எண்ணெய்ல செஞ்சதுக்கு சிங்யோவ்னு போட்டிருக்கும், கடையில கேட்டே வாங்குங்க. ஷாச்சா சாஸ்ல காஞ்ச இறாலும் மீனும் இருக்கு. ஆய்ஸ்டர் சாஸ் பேரே சொல்லுது. மீன் டோஃபுன்னு விக்கறது டோஃபு இல்ல, மீன்தான். பாதுகாப்பான சைவத் தீம்னா தக்காளிச் சூப்பு, இல்லன்னா காஞ்ச ஷிடாக்கே காளான ராத்திரியே ஊறப் போட்டு அந்தத் தண்ணியிலயே வைக்கற சூப்பு, கூட பேரீச்சை மாதிரி இருக்கற சிவப்பு இலந்தை நாலு. இந்தச் சூப்பு கறி சாப்பிடறவங்களுக்கே அவ்வளவு பிடிக்கும்.

ஹலால் வேணும்னா பெய்ஜிங் தீம்தான் சுலபம், சிங்ஜென்னு போர்டு போட்ட கடையில கறி வாங்கிக்கலாம். எள்ளு, வேர்க்கடலை அலர்ஜி இருக்கான்னு கூப்பிடும்போதே கேட்டுடுங்க, சாஸ் பூரா அதுதான்.

மறுநாள் வயிறு கெட்டுப் போச்சு

பச்சைக் கறிய எடுத்த சாப்ஸ்டிக்காலயே சாப்பிட்டிருப்பாங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொது இடுக்கி வச்சிடுங்க, வாயில வைக்கற சாப்ஸ்டிக் பச்சைக் கறியத் தொடவே கூடாது. எனோக்கி காளானையும் நல்லா வேக வைங்க, அதுல லிஸ்டீரியா கிருமி இருந்து அமெரிக்காவுல உயிரே போயிருக்குன்னு 2020ல தெரிய வந்துச்சு. ஆத்து மீன் சீவல அரைவேக்காடா சாப்பிட்டா கல்லீரல் புழு வரும், குவாங்டாங் பக்கம் இது பழைய தொல்லை. சிப்பி வகையில ரொம்ப ஜாக்கிரதை, 1988 குளிர்காலத்துல ஷாங்காய்ல சிப்பிய வெந்நீர்ல லேசா வாட்டி சாப்பிட்டதால சுமார் மூணு லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. வாய் திறந்ததும் எடுத்துடாதீங்க, அதுக்கு மேலயும் நாலஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும்.

சுகியாகி தீம்ல பச்சை முட்டைய அடிச்சு அதுல தொட்டு சாப்பிடறது ஜப்பான் வழக்கம், அங்க முட்டைய பச்சையா சாப்பிடறத மனசுல வச்சே கழுவி, சோதிச்சு, தேதி போட்டு விக்கறாங்க. மத்த ஊர்ல பாஸ்சுரைஸ் பண்ண முட்டை கிடைச்சா பாருங்க, இல்லன்னா முட்டைய விட்டுடுங்க, கர்ப்பிணிங்க குழந்தைங்க இருந்தா யோசிக்கவே வேண்டாம்.

வயிறு நல்லா இருந்து கால் கட்டைவிரல் வீங்கி வலிச்சா அது வேற, கவுட். ரெண்டு மணி நேரம் கறி கொதிச்ச சூப்புல, உடம்புல யூரிக் ஆசிடா மாறற பியூரின் கரைஞ்சு இறங்கியிருக்கும், யூரிக் ஆசிட் இருக்கறவங்க கடைசிச் சூப்ப குடிக்கக் கூடாது, ஆசையா இருந்தா கறி போடறதுக்கு முன்னாடி ஆரம்பத்துல ஒரு கிண்ணம் குடிக்கட்டும்.

அரை மணி நேரத்துல எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சு போச்சு, பேச்சே இல்ல

எல்லாத் தட்டையும் ஒரே நேரத்துல வச்சிட்டீங்க. ரெண்டு ரெண்டு தட்டா கொண்டு வாங்க, நடுவுல பத்து நிமிஷம் அடுப்பக் குறைச்சு வைங்க, ஊர்க்கதை அப்பதான் வரும். எட்டுப் பேருக்கு மேல இருந்தா ஒரு சட்டி பத்தாது, கை எட்டாதவங்க பாவம் பாத்துட்டே இருப்பாங்க, ரெண்டு சட்டி வைங்க. முடிவுல தீமுக்கேத்த மாதிரி ஒரு முடிப்பு இருக்கணும், பெய்ஜிங்னா எள்ளு ரொட்டி, ஜப்பான் ஹாட்பாட்டான நாபேன்னா மிச்சச் சூப்புல சோத்தப் போட்டு முட்டை ஊத்தி ஒரு கஞ்சி. அந்தக் கஞ்சிக்காகவே வர்றவங்க இருக்காங்க.

வீடு, ஜாக்கெட், தலைமுடி எல்லாம் ஹாட்பாட் வாசனை

வந்ததும் கோட்டு எல்லாத்தையும் படுக்கை ரூம்ல போட்டு கதவ சாத்துங்க. ஹோட்டல்லயே இதுக்குன்னு நாற்காலி மேல போடற உறை தருவாங்க. கிச்சன் ஃபேன் முழுக்க நேரமும் ஓடட்டும்.

சிங்க் அடைச்சுக்குச்சு

சோங்சிங் தீமுக்கு அடுத்த நாள் வர்ற பிரச்சனை. மாட்டுக் கொழுப்பு சூடா இருக்கறப்ப எண்ணெய் மாதிரி போகும், குளிர்ந்த குழாய்க்குள்ள போனதும் மெழுகா உறைஞ்சிடும். ஏற்கனவே ஊத்திட்டீங்கன்னா கெட்டில் கெட்டிலா நல்ல சூடான தண்ணி, கூட பாத்திரம் தேய்க்கற லிக்விட் விட்டுப் பாருங்க, ரெண்டு தடவையில போகலன்னா பிளம்பர்தான். அடுத்த தடவை சட்டிய மூடி பால்கனியில வச்சிடுங்க, காலையில மேல சிவப்பா ஒரு தட்டு மாதிரி உறைஞ்சிருக்கும், அதக் கத்தியால எடுத்து கவர்ல கட்டி குப்பையில போட்டுட்டு, கீழ இருக்கற தண்ணிய வடிகட்டி ஊத்துங்க. பத்து பேர் சாப்ஸ்டிக் விட்ட சூப்ப மறுபடி சூடு பண்ணி சாப்பிட வேண்டாம், கொட்டிடுங்க.